நவம்பரில் அச்சான ஜூலை மழை

முரளி,

நேற்று போனை வைப்பதற்கு முன்னால் நீ கேட்டது இன்னும் காதில் நிற்கிறது. "அப்பா மாதிரி பெரிய மனசு எனக்கு இல்லம்மா. அவரு உன்னைப் பாத்து ஒரு நாளாவது பொறாமைப்பட்டிருப்பாரா?" என்றாய். உன் கம்பெனியிலேயே, உனக்கு மேலே உள்ள இடத்துக்கு உன் பெண்டாட்டி வனிதாவைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள், மூன்று வருஷம் வெளிநாட்டில் இருக்க வேண்டும், பிள்ளைகளின் படிப்பு கெடும், போக வேண்டாம் என்று நீ சொல்லிவிட்டாய். அவள் சண்டை போடவில்லை, சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள் என்றாய். போனிலேயே பதில் சொல்ல ஆரம்பித்திருந்தால் நான் குரலை உயர்த்தியிருப்பேன், நீயும் உயர்த்தியிருப்பாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் அப்பா என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டார். அவருக்கு முன்னால் நான் வேறொருத்தியைப் பார்த்துப் பட்டேன், அவரைவிட ஜாஸ்தியாகவே. நீ பிறப்பதற்கு முன்னால் நடந்த கதை இது. உனக்கு இதை யாரும் சொன்னதில்லை.

அறுபதுகளின் பின்பகுதி. எங்களுக்குக் கல்யாணமாகிக் கடலூர் செம்மண்டலத்தில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். அப்பா சிதம்பரத்துப் பல்கலைக்கழகத்தில் சிவில் இன்ஜினியரிங் விரிவுரையாளர். காலையில் திருப்பாதிரிப்புலியூரில் பாசஞ்சர் ரயிலைப் பிடித்தால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் திரும்புவார். நான் கணிதத்தில் பி.எஸ்ஸி., முதல் வகுப்பு. மேலே படிக்க அதே சிதம்பரத்தில் இடமும் கிடைத்தது. ஆனால் கல்யாணம் முந்திக்கொண்டது. திருவதிகைப் பக்கத்தில் கடலை பயிரிடுகிற எங்கள் வீட்டில், பெண் பிள்ளை பட்டம் வாங்கியதே பெரிய விஷயம். அதற்கு மேல் கேட்க எனக்கும் வாய் வரவில்லை. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் சிதம்பரம் ரயில் கூவுகிற சத்தம் கேட்கிறபோதெல்லாம் வாசலுக்கு வந்து நின்றுவிடுவேன்.

அந்த வருஷம் அப்பாவுக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். மாவட்டத்தில் மழை அளக்கிற பன்னிரண்டு ஊர்களின் கணக்கை எடுத்து, எந்த ஊரில் எந்த மாதம் எவ்வளவு வடிகால் தேவைப்படும் என்று சொல்ல வேண்டும். ஊர்கள் வரிசையாகக் கீழே இறங்கும், மாதங்கள் குறுக்கே போகும். கடலூர், சிதம்பரம், பெண்ணாடம் என்று ஒவ்வொரு ஊருக்கும் பன்னிரண்டு கட்டம். கையால் போட்டால் மாதக்கணக்கில் ஆகும் என்று, மதராஸில் ஒரு கல்லூரிக்கு வந்திருந்த கம்ப்யூட்டரில் போடலாம் என்று முடிவு செய்தார்கள். நிரலை, அதாவது புரோகிராமை, தாளில் எழுதி, அதை அட்டைகளில் ஓட்டை ஓட்டையாகத் துளைத்து, கட்டுக் கட்டாக மதராஸுக்கு எடுத்துப் போக வேண்டும். நிரல் எழுத அப்பாவுக்கு உதவியாக வந்தவள்தான் மெஹருன்னிசா. பரங்கிப்பேட்டைப் பெண், எம்.எஸ்ஸி. முடித்தவள். அவளுடைய வாப்பா பினாங்கில் வியாபாரம். என் வயதுதான், ஒரு வயது குறைவாகக்கூட இருக்கலாம்.

அப்பா வீட்டுக்கு வந்ததும் முதல் வார்த்தையே "மெஹர் இன்னிக்கு ஒண்ணு சொன்னா பாரு" என்றுதான் இருக்கும். சட்டையைக் கழற்றும்போது மெஹர். ரசத்துக்குக் கையேந்தும்போது மெஹர். அந்தப் பெண் எவ்வளவு வேகமாக எழுதுகிறாள், தப்பு வந்தால் எப்படிச் சிரிக்கிறாள், ஃபோர்ட்ரான் என்ற அந்தப் புது மொழியைப் பதினைந்து நாளில் எப்படிப் பிடித்தாள். நான் அப்பளத்தைப் பொரித்துக்கொண்டே கேட்பேன். எண்ணெய் காய்வதைவிட நான் அதிகம் காய்ந்தேன். ஒரு நாள் ரயிலடிக்கு அப்பாவுக்குக் குடை கொண்டுபோனபோது, ஏதோ வேலையாகக் கடலூர் வந்து திரும்பிக்கொண்டிருந்த அவள் எதிர்ப் பக்க ரயிலின் ஜன்னலில் தெரிந்தாள், அப்பாதான் காட்டினார். வெள்ளைத் துப்பட்டி, மூக்குக் கண்ணாடி, மடியில் ஒரு கட்டுக் காகிதம். அழகி என்று சொல்ல முடியாது. அழகியாக இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும், புரிகிறதா? அழகுக்காகப் பொறாமைப்பட்டால் அது சாதாரண விஷயம், ஊரில் எல்லாப் பெண்களும் படுவது. எனக்குக் கண்ணில் குத்தியது அந்தக் காகிதக் கட்டு. மாதம் ஒரு முறை அப்பா மதராஸுக்குப் போகும்போது அவளும் போகிறாள், ஜில்லென்று குளிர் பதனம் செய்த அறையில் அந்த மெஷினுக்கு முன்னால் நிற்கிறாள் என்று நானே படம் போட்டுப் போட்டுப் பார்த்தேன். கேட்கவில்லை. கேட்டால் சந்தேகப்படுகிறவள் என்று பெயர் வரும்.

பிறகு மதராஸிலிருந்து முதல் கணக்கு அச்சாகி வந்தது. வந்ததும் அப்பாவின் முகம் கறுத்துவிட்டது. கடலூரில் நவம்பர் மாதம் ஏறக்குறைய மழையே இல்லை என்று மெஷின் சொல்லியிருந்தது. கெடிலம் ஆற்றில் தண்ணீர் நுரைத்துக்கொண்டு ஓடுகிற மாதம் அது, பள்ளிக்கூடத்துக்கு லீவு விடுகிற மாதம். அக்டோபரில் எட்டு ஊர்களுக்கு வெறும் பூஜ்யம். துறைத் தலைவர் அரசாங்க அதிகாரிகளுக்கு முன்னால் இதைக் காட்ட வேண்டும். இன்னொரு முறை தப்பானால் மெஷினில் நேரம் வாங்கித் தர மாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டார். அப்பாவும் மெஹரும் நிரலை வரி வரியாகப் பார்த்தார்கள். கூட்டல் சரி, வகுத்தல் சரி, அட்டை துளைத்ததும் சரி. "மெஹருக்கே புரியல" என்று அப்பா சொன்னபோது எனக்குள் ஓடிய சந்தோஷத்தை எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் ஓடியது.

மறுநாள் அவர் போன பிறகு, அந்த நீளக் காகிதத்தைக் கூடத்துத் தரையில் விரித்தேன். பக்கத்தில், கையால் எழுதிய அசல் மழைக்கணக்கு. நிரல் எனக்குத் தெரியாது. ஆனால் எண்களைத் தெரியும். எண்களோடு பழகி எத்தனை நாளாகிவிட்டது என்று விரல் நுனியில் ஒரு பரபரப்பு. ஜனவரி முழுவதும் சரியாக இருந்தது. பிப்ரவரியிலிருந்து குழப்பம். சாதாரணக் குழப்பமாக இருந்தால் எப்படியோ போகட்டும் என்று விட்டிருப்பேன். ஆனால் நவம்பர் என்று அச்சாகியிருந்த எண்கள் எனக்கு எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தன. அசல் கணக்கில் தேடினேன். பன்னிரண்டு ஊருக்கும் அப்படியே, ஒரு புள்ளி பிசகாமல், அது ஜூலை மாதம். ஜூனில் அச்சாகியிருந்தது ஏப்ரல். மற்ற மாதங்கள் துண்டு துண்டாக, நடுவில் பூஜ்யங்களோடு கிடந்தன. ஏன் என்று தெரியவில்லை. ஆனால் மெஷின் மனம்போனபடி உளறவில்லை, ஒரு ஒழுங்கோடு இடம் மாறிப் படித்திருக்கிறது என்பது தெரிந்துவிட்டது. மெஹருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும்! அடுப்பை அணைத்துவிட்டு, புடவையை மாற்றிக்கொண்டு, காகிதத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ரயிலேறினேன். சிதம்பரம் வரைக்கும் அவள் முகம் எப்படிச் சுருங்கப் போகிறது என்றே நினைத்துக்கொண்டு போனேன்.

அப்பா வகுப்பில் இருந்தார். அறையில் மெஹர் மட்டும்தான் இருந்தாள். நான் யார் என்று சொன்னதும் எழுந்து நாற்காலியைத் துடைத்தாள்.

"உட்காருங்கக்கா. சார் இப்ப வந்துடுவாங்க. தண்ணி குடிக்கிறீங்களா?"

"வேணாம். அவருகிட்ட ஒண்ணு சொல்லணும், அதான் வந்தேன்."

அவர் வரும்வரை சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். முடியவில்லை.

"நவம்பர்ல இருக்கிறது நவம்பர் மழை இல்ல. ஜூலை மழை."

அவள் நிமிர்ந்தாள். "என்னா சொல்றீங்க?"

"பன்னெண்டு ஊருக்கும் அப்படித்தான். ஜூன்ல இருக்கிறது ஏப்ரல்."

"ஜனவரி?"

"ஜனவரி சரியா இருக்கு."

கண்ணாடியைக் கழற்றிவிட்டு விட்டத்தைப் பார்த்தாள். உதடு மட்டும் அசைந்தது. "இருபது... பன்னெண்டு... அஞ்சு பன்னெண்டு அறுபது, மூணு இருபதும் அறுபது..." அப்புறம், "யா அல்லாஹ்!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டு சத்தமாகச் சிரித்தாள். "அக்கா, தப்பு எங்களுதுதான். மெஷின் பாவம்!"

அவள் சொன்னதை இன்றைக்கும் எழுத்துப் பிசகாமல் சொல்வேன். "நாம அட்டவணைன்னு நினைக்கிறோம். மெஷினுக்கு அட்டவணையே கிடையாதுக்கா. அதுக்குள்ள எல்லாம் ஒரே நீள வரிசை. ஜனவரி முடிஞ்சதும் பிப்ரவரி, அது முடிஞ்சதும் மார்ச். பின்னாடி ஊருங்க ஜாஸ்தியாகலாம்னு, பெரிய நிரல்ல மாசத்துக்கு இருபது இடம் ஒதுக்கிட்டோம். பன்னெண்டுல மழை, மிச்சம் எட்டுல பூஜ்யம். சராசரி போடுறதுக்குத் தனியா ஒரு குட்டி நிரல் இருக்கு, சப்ரூட்டீன்னு சொல்லுவோம். அதுகிட்ட மாசத்துக்குப் பன்னெண்டுதான்னு எழுதிட்டேன். அதுக்கு முழு அட்டவணையையும் நாம தர்றதில்ல. எங்க ஆரம்பிக்குதுன்னு ஒரு விலாசம் மட்டும்தான் தர்றோம். அந்த எடத்துலேருந்து அது பன்னெண்டு பன்னெண்டா எண்ணிக்கிட்டே போயிருக்கு. ஒரு பெட்டிக்கு இருபது சீட்டு இருக்கிற ரயில்ல, பன்னெண்டுன்னு நினைச்சு எண்ணினா, பதிமூணாவது சீட்டையே ரெண்டாவது பெட்டின்னு சொல்லுவோம் இல்ல? அப்படித்தான். பதினோராவது மாசம்னு அது போய் நின்ன எடம் நம்ம ஏழாவது மாசம். ஐப்பசி, கார்த்திகை வரைக்கும் அது போய்ச் சேரவே இல்ல."

முரளி, எனக்குப் புரிந்தது. முழுவதும், ஒரே வீச்சில் புரிந்தது. புரிந்த மறு நொடியே உடம்பெல்லாம் எரிந்தது. ஒரு காலை முழுக்கத் தரையில் முழங்காலிட்டு நான் கண்டதை, அவள் ஒரு தம்ளர் தண்ணீர் குடிக்கிற நேரத்துக்குள் எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் ஓடிவிட்டாள். சுருங்கும் என்று நான் எதிர்பார்த்த முகம் பளிச்சென்று இருந்தது. என் வாயிலிருந்து அது தானாக வந்துவிட்டது.

"எனக்கு உம்மேல பொறாமையா இருக்கு."

அவள் சிரிப்பு நின்றது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்னை நன்றாகப் பார்த்தாள். "சாரை வச்சாக்கா? இல்ல இதை வச்சா?" என்று மேஜையில் கிடந்த தாள்களைக் காட்டினாள்.

அந்தக் கேள்வியை அதுவரை என்னிடம் நானே கேட்டதில்லை. மாதக்கணக்கில் நான் வெந்தது ஒரு பெண் என் புருஷனோடு பேசுகிறாள் என்பதற்காக என்றுதான் நினைத்திருந்தேன். "இதை வச்சுத்தான்," என்றேன்.

"அப்படின்னா சரி. சாரை வச்சுன்னா நான் வேலையை விட்டுட்டுப் போயிருப்பேன்," என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீங்க பொறாமைப்படுற அளவுக்கு ஒண்ணும் இல்லக்கா. நான் அந்த மெஷினை இன்னும் கண்ணால பாத்ததே இல்ல. ஆம்பளைங்களோட மதராஸுக்குப் போக உம்மா விட மாட்டாங்க. எழுதி எழுதிக் குடுக்குறேன், சார் எடுத்துக்கிட்டுப் போறாங்க. நீங்க வந்தா, உங்க கூடன்னா, விடுவாங்க" என்றாள்.

அப்பா உள்ளே வந்ததும் அவள் முந்திக்கொண்டாள். "சார், அக்கா கண்டுபிடிச்சிட்டாங்க." காரணத்தைக் கண்டது தான்தான் என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அந்தப் பெருந்தன்மையைப் பார்த்தும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. அப்பா "நீயா?" என்றார். சிரித்தார். ஆனால் அந்தச் சிரிப்பு கண் வரைக்கும் போகவில்லை. அன்றைக்கு நான் அதைக் கவனித்தும் கவனிக்காமல் இருந்துவிட்டேன்.

அடுத்த வாரம் மூன்று பேரும் மதராஸுக்குப் போனோம். அறைக்குள் அப்படி ஒரு குளிர். மெஹர் துப்பட்டியை இழுத்துச் சுற்றிக்கொண்டு, அலமாரி போல நின்ற மெஷினின் விளிம்பை ஒற்றை விரலால் தொட்டாள். "தொடாதீங்கம்மா" என்றார் ஆபரேட்டர். அவள் கையை எடுத்துக்கொண்டாள், நான் தொட்டேன். என்னையும் அதட்டினார். மாற்ற வேண்டியிருந்தது ஒரே ஒரு அட்டைதான், பன்னிரண்டு என்று இருந்த இடத்தில் இருபது. அட்டைக் கட்டை உள்ளே விட்டார்கள், கடகடவென்று சத்தம் வந்தது, அப்புறம் காகிதம் மேலே ஏற ஆரம்பித்தது. இரண்டு பேரும் நவம்பருக்காகக் காத்திருந்தோம். கடலூருக்கு நேரே பெரிய எண் வந்து விழுந்ததும் மெஹர் என் மணிக்கட்டைப் பிடித்து, "மழை வந்துடுச்சுக்கா!" என்றாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பக்கத்தில் நின்ற அப்பா அந்த எண்ணைப் பார்க்கவில்லை, எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச மாதங்களில் மெஹருக்கு நிக்காஹ் முடிவாயிற்று. மாப்பிள்ளை பினாங்கு. அதற்குள் நான் வாரம் இரண்டு நாள் சிதம்பரம் போய் அவளிடம் ஃபோர்ட்ரான் எழுதப் பழகியிருந்தேன். அவள் தப்பைக் காட்டினால் கோபம் வரும், நான் அவள் தப்பைக் காட்டினால் அன்றைக்குச் சோறு இரட்டிப்பாக இறங்கும். அவள் விடைபெற்றுப் போன நாளில், பொறாமைப்பட ஆள் இல்லாமல் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. அவள் இடம் காலியானதும் துறைத் தலைவர் அப்பாவைக் கூப்பிட்டு, "உங்க மிஸஸ்தானே அந்தத் தப்பைக் கண்டுபிடிச்சாங்க? அவுங்களையே போட்டுடலாமே" என்று கேட்டிருக்கிறார். அப்பா அதை என்னிடம் சொல்லவே நான்கு நாள் ஆயிற்று. சொன்ன விதமும் சரியில்லை, வேஷ்டியை மடித்துக்கொண்டே, வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார். நீ என் வயிற்றில் ஐந்து மாதம்.

"இந்த நெலமையில எப்படிப் போவ? ரயில்ல ஏறி எறங்கணும்."

"இப்பவும் ஏறி எறங்கிக்கிட்டுத்தானே இருக்கேன்?"

"வயித்தைத் தள்ளிக்கிட்டுப் போனா பாக்குறவங்க என்னா சொல்லுவாங்க?"

"மெஷினுக்கு அதெல்லாம் தெரியாது."

அவர் உட்கார்ந்துவிட்டார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "அங்க எல்லாரும் உன்னைப் பத்தியே பேசுறாங்க. நான் அத்தனை நாளா முட்டிக்கிட்டு நின்னதை நீ தரையில உட்காந்து பாத்துட்டே. நீயும் வந்துட்டா, அந்த அறையில நான் யாரு?"

அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். எத்தனை மாதம் கண்ணாடியில் நான் பார்த்த முகம் அது. அதனால்தானோ என்னவோ எனக்குக் கோபம் வரவில்லை. மெஹர் என்னைக் கேட்டது போல அவரைக் கேட்கலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. கேட்கவில்லை. "நான் போறேன்," என்று மட்டும் சொன்னேன்.

"என்னால சந்தோஷமா அனுப்ப முடியாது."

"சந்தோஷம் வேணாம். அனுப்புங்க, போதும்."

போனேன். முதல் ஒரு மாதம் ஒரே ரயிலில் போனோம், அவர் ஒரு பெட்டி, நான் பெண்கள் பெட்டி. பிளாட்பாரத்தில் பத்தடி முன்னால் நடப்பார். ஆனால் ஒரு நாள்கூட என்னை விட்டுவிட்டுப் போகவில்லை. ரயில் ஊதினால்கூட நான் ஏறியதைப் பார்த்துவிட்டுத்தான் ஏறுவார். துறையில் யாராவது என்னைப் புகழ்ந்தால் எழுந்து வெளியே போய்விடுவார், அதையும் மறைக்கவில்லை. நீ பிறந்து, நான் மறுபடி வேலைக்குப் போன பிறகு ஒரு காலை, சாப்பிட உட்கார்ந்தவர், தட்டுக்குப் பக்கத்தில் ஒரு கட்டுத் தாளை வைத்தார். அவர் எழுதிய நிரல். "இதுல எங்கியோ தப்பு இருக்கு. பாத்துச் சொல்லு," என்றார். பார்த்தேன். சப்ரூட்டீனுக்கு அனுப்பிய விலாசம் ஒரு இடம் தள்ளி இருந்தது. காட்டினேன். "ம்" என்று சொல்லிவிட்டு இன்னொரு இட்லி கேட்டார். பெரிய மனசு என்று நீ சொல்வது இதைத்தான் என்றால், அது அவருக்குத் தானாக வாய்த்தது இல்லை. கடைசி வரைக்கும் அவருக்குள் அந்த எரிச்சல் கொஞ்சம் இருந்தது. அதை வைத்துக்கொண்டே அந்தத் தாளை என்னிடம் நீட்டினார். நான் கண்ட பெரிய மனசு அவ்வளவுதான்.

மெஹரை அதற்கப்புறம் ஒரு முறைதான் பார்த்தேன், நீ ஸ்கூல் போன வயதில். பரங்கிப்பேட்டைக்கு வந்திருந்தவள் நம் வீட்டுக்கும் வந்தாள். பினாங்கில் ஒரு வங்கியில் நிரல் எழுதுகிறாளாம். நம் பக்கம் இருந்ததைவிடப் பெரிய மெஷின், தொட்டால் யாரும் அதட்டுவதில்லையாம். அவளைப் பஸ் ஏற்றிவிட்டு வந்து, அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் உப்புப் போட மறந்துவிட்டேன்.

இப்போது வனிதாவுக்கு வருகிறேன். போன தீபாவளிக்கு வந்தபோது, தான் செய்கிற வேலையை அவள் எனக்குக் காட்டினாள். பாதி புரிந்தது. மீதி புரியவில்லை என்பதை முகத்தில் காட்டிக்கொள்ளாமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அவள் வயதில் நான் இருந்திருந்தால் என்று நினைத்தபோது உள்ளே பழைய கொள்ளி புகைந்தது. இந்த வயதிலும், என் மருமகள் மேல். ஆகவே உன்னைப் பார்த்து, 'சே, இப்படிப் பொறாமைப்படலாமா' என்று கேட்கிற தகுதி எனக்கு இல்லை, கேட்கவும் மாட்டேன். நீ படு. எவ்வளவு வேண்டுமானாலும் படு. ஆனால் பிள்ளைகளின் படிப்பு, வீட்டு வேலை, ஊர்ப் பேச்சு என்று அதற்கு வேறு பெயர் வைக்காதே. உன் அப்பா என் வயிற்றைக் காரணம் சொன்னபோது எனக்கு வலித்தது. "அந்த அறையில நான் யாரு" என்று கேட்டபோது வலிக்கவில்லை. ஒருவர் உண்மையைச் சொன்னால் அவரோடு வாழ முடியும். வனிதா தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனது, நீ வேண்டாம் என்று சொன்னதற்காக மட்டும் இருக்காது. ஏன் வேண்டாம் என்று நீ சொன்ன காரணம் பொய் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். பெண்களுக்கு அது தெரியும்.

அவளிடம் போய், "எனக்கு உன்மேல் பொறாமையாக இருக்கிறது" என்று சொல். அப்புறம் "போய்ட்டு வா" என்று சொல். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல முடியாவிட்டால் முதலாவதைக் கொஞ்ச நாள் கழித்துக்கூடச் சொல்லிக்கொள்ளலாம், அது எங்கேயும் போய்விடாது. ஆனால் கம்பெனிக்கு அவள் பதில் கொடுக்க வேண்டியது திங்கட்கிழமை என்று நீதான் சொன்னாய்.

அம்மா